கப்பலேறும் முன்பே அந்நியரானவர்கள்

இலங்கையின் மலையகத் தமிழர், இந்தியாவுக்குக் கப்பலேறுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே பிறந்த மண்ணில் அந்நியராக்கப்பட்டார்கள். தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பாட்டன், முப்பாட்டன் இருவரும் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் வேண்டும். தோட்டத்து லயக் காம்பிராவில், அதாவது வரிசை வீட்டு அறையில், பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவ்வாண்டு வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமை கேட்டார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்படிப் பங்குபோடும் முன் அந்த மக்களில் ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை. இது பெரும் அநீதி.

எந்த நாட்டுக் குடியுரிமை என்று எழுதிக்கொடுக்கும் விண்ணப்பப் படிவம் வீட்டுக்குள் வந்தபோதுதான் பிளவு தெரிந்தது. பெற்றோர் இந்தியாவுக்கு எழுதிக்கொடுக்க, மணமான மகள் புருஷன் வீட்டாரோடு இலங்கைக்கு எழுதிக்கொடுத்தாள். அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி ஒரு நாட்டுக்கு என்று ஆன குடும்பங்களும் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு கைக்கு வந்தபின் அதே லயத்தில், அதே மலையில் கொழுந்து பறித்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர்கள் தவணை முடிந்தால் வெளியேற வேண்டிய வெளிநாட்டார். 1973-74 உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977இல் இனவன்முறை வெடித்தது. தயங்கி நின்றவர்களையும் அவை கிளப்பிவிட்டன. ஆடு மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையால் அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வந்தது.

அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். அங்கே அவர்கள் ‘சிலோன்காரர்’. இலங்கையிலேயே தங்கிவிட்ட நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. ஒப்பந்தப்படி கப்பலேறிப் போனவர்களுக்கு அதில் இடமில்லை.