வேடிக்கையும் விபரீதமும்

பிறக்கப்போகும் குழந்தை ஆணா, பெண்ணா என்பதை முன்கூட்டியே அறிந்து, உற்றாரைக் கூட்டிவைத்து அச்செய்தியை வெளியிடும் வழக்கம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. நமது நாட்டிலோ, 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கருவிலுள்ள சிசு இன்னதென்று வெளியிடுவதே குற்றம். ஆகவே நம்மவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். 2008-ஆம் வருஷத்தில் ஒரு மாது கேக்கை அறுத்து, உள்ளிருந்த நிறத்தினால் தம் மகவு பெண் என்று தெரிவித்தார். அதிலிருந்தே இவ்வழக்கம் பரவியது என்பர். கேக்கோடு நின்றிருந்தால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் நாளடைவில் புகை, வாணம், வெடி என்று ஆடம்பரம் வளர்ந்தது. அந்த மாதே பின்னர் இதற்காக வருந்தினார்.

2020 செப்டம்பர் 5-ஆம் தேதி, தெற்குக் கலிபோர்னியாவில், யுகைப்பா என்னும் ஊரையடுத்த எல் டொராடோ ராஞ்ச் பூங்காவுக்கு ஒரு கணவனும் மனைவியும் குடும்பத்துடன் வந்தார்கள். வர்ணப் புகை எழுப்பும் வாணம் ஒன்றைப் புல்வெளியில் கொளுத்தினார்கள். நீலப் புகை வந்தால் ஆண். ரோஜா நிறம் வந்தால் பெண்.

அப்பிரதேசத்தில் மழை பெய்வது குளிர்காலத்தில்தான். வசந்தத்தில் தழைக்கும் புல் கோடை முழுதும் காய்ந்து, செப்டம்பரில் வைக்கோல் போல் நிற்கும். அன்றோ கொடிய வெப்பம். மறுநாள் லாஸ் ஏஞ்செல்ஸ் மாவட்டத்தில் ஓரிடத்தில் உஷ்ணம் 121 பாரன்ஹீட் டிகிரியை எட்டியது! இத்தகைய வேளையில் புல்லில் விழுந்த பொறி என்ன செய்யும்? கையிலிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி அவர்கள் அணைக்க முயன்றனர், பயனில்லை. மலைச்சரிவில் ஏறும் தீ, தன் அனலால் மேலேயுள்ள செடிகொடிகளை முன்னதாகவே உலர்த்திவிடுகிறது. காற்றில் பறக்கும் தணலோ தொலைவிலும் புதுத் தீயை மூட்டுகிறது.

22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஐந்து வீடுகள் அழிந்தன. தீ முற்றிலும் கட்டுக்குள் வர நவம்பர் நடுப்பகுதி ஆயிற்று. எல்லாவற்றிலும் கொடிது, செப்டம்பர் 17-ஆம் தேதி தீயணைப்புக் குழுத்தலைவர் ஒருவர் அந்நெருப்பிலேயே உயிர் நீத்ததுதான். பிறர் வீட்டைக் காக்கச் சென்றவர் தம் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அவர்கள் தீய எண்ணத்துடன் இதைச் செய்யவில்லை. உதவிக்கு ஆள் அழைத்ததும் அவர்களேதான். அப்படியிருக்க, தண்டனை நியாயமா என்று சிலர் கேட்கக்கூடும். எதிர்பாராத விபத்து வேறு, எதிர்பார்த்திருக்க வேண்டிய விபத்து வேறு. 2017-ஆம் வருஷத்திலேயே அரிஸோனா மாகாணத்தில் இதே போன்ற கொண்டாட்டத்தில் வெடித்த வெடியால் சுமார் 47,000 ஏக்கர் எரிந்திருந்தது. உலர்ந்த புல்லில் நெருப்பு வைத்தால் பற்றும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். 2024-இல் கணவர், கருதாமல் மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்; மனைவிக்குச் சிறையின்றி நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூகசேவையும் விதிக்கப்பட்டன. நஷ்டஈடு சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் டாலர். இத்தொகையால் வீடுகளை மீண்டும் கட்டலாம். போன உயிரை மீட்க இயலாது.

கொண்டாட்டமே கூடாது என்பதன்று நம் வாதம். வீட்டில் மங்களம் நேரும்போது மனம் குதூகலிப்பது இயல்பு. ஆனால் வெட்டவெளியில் வாணம் கொளுத்துமுன், காலடியில் என்ன காய்ந்து கிடக்கிறது, காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை ஒதுக்கும் பழக்கத்தை நம் குழந்தைகளுக்கு இப்பொழுதே கற்பிப்போமாக.