பட்டாளத்துக்குப் போகாத பட்டாளம்!

சனிக்கிழமை காலை. மணி ஏழுகூட ஆகவில்லை. நாமக்கல் பக்கம் ஒரு பள்ளி மைதானம். ரோட்டில் கோழித் தீவன லாரிகள் வரிசையாகப் போகின்றன. மைதானத்திலும் ஒரு வரிசை! காக்கி உடுப்பு, பளபளக்கும் பூட்ஸ், தொப்பியில் சிவப்புக் குஞ்சம்.

"சாவ்தான்!"

டப்! ஐம்பது பூட்ஸ்கள், ஆனால், சத்தம் மட்டும் ஒன்று.

சுவருக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் குட்டிப் பையன் அம்மாவின் கையை இழுக்கிறான். "அந்த அண்ணனுங்க எல்லாம் சண்டைக்குப் போறாங்களாம்மா?"

இல்லை தம்பி! இவர்கள் தேசிய மாணவர் படையைச் சேர்ந்தவர்கள். சுருக்கமாக, என்.சி.சி. இதில் சேர்ந்தால் பட்டாளத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அப்புறம் எதற்கு இந்தக் காக்கியும் கவாத்தும்? வாருங்கள் குட்டீஸ், பார்க்கலாம்!

எப்போது பிறந்தது?

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, அதாவது 1948ல், நாடாளுமன்றம் என்.சி.சி. சட்டத்தை நிறைவேற்றியது. பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையிலான குழு சொன்ன யோசனைதான் இதற்கு அடிப்படை. அந்த ஆண்டு ஜூலை 15ல் படை உருவானது. மறு ஆண்டே, 1949ல், பெண்கள் பிரிவும் வந்துவிட்டது. 1950ல் விமானப் பிரிவு, 1952ல் கடற்படைப் பிரிவு என்று குடும்பம் பெருகியது. அதனால்தான் இதன் கொடியில் மூன்று நிறங்கள். சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப் படைக்கு.

முதலில் இருந்தவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர். 2024ல் மத்திய அரசு இன்னும் 3 லட்சம் இடங்களுக்கு அனுமதி தந்தது. அதோடு சேர்த்தால் மொத்தம் 20 லட்சம் இடங்கள்! உலகத்தில் சீருடை அணிந்த மிகப் பெரிய இளைஞர் அமைப்புகளில் இதுவும் ஒன்று.

கால் தூக்கினால் நாடு முன்னேறுமா?

இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். "இடது, வலது என்று நடப்பதால் என்ன லாபம்?"

"சாவ்தான்" என்றால் நேராக நில். குதிகால்கள் ஒட்டியிருக்க வேண்டும்; இரு பாதங்களுக்கும் நடுவே 30 டிகிரி கோணம். "விஷ்ராம்" என்றால் கால்களை 12 அங்குலம் அகட்டி நில். "தேஸ் சல்" என்றால் விரைவு நடை, நிமிடத்துக்கு 120 அடி!

கட்டளை சொல்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் பாதியை இழுத்துச் சொல்வார்கள். அது எச்சரிக்கை. "ஏதோ வரப் போகிறது, தயாராகு" என்று அர்த்தம். இரண்டாவது பாதி வெட்டினாற்போல் வரும். அப்போதுதான் உடம்பு அசைய வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே அசைந்தாலும் தப்பு. தூங்கிவிட்டுப் பின்னால் அசைந்தாலும் தப்பு.

நடக்கும்போது வேகமாகப் போகத் தெரிந்தவனுக்கு இங்கே தனி மார்க் கிடையாது. பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து போகத் தெரிய வேண்டும். உயரமானவன் தன் அடியைக் கொஞ்சம் குறைக்கிறான். குட்டையானவன் கொஞ்சம் எட்டிப் போடுகிறான். யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் மாணவன், கடைசி பெஞ்ச் மாணவன், பண்ணையார் வீட்டுப் பிள்ளை, லாரி டிரைவர் வீட்டுப் பிள்ளை... எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே அடி. "ஒற்றுமையும் ஒழுக்கமும்" என்பது என்.சி.சி.யின் குறிக்கோள் வாசகம். அதை நோட்டில் எழுதிப் படிப்பதைவிடக் காலால் படிப்பது சுலபம்!

கட்டளைகள் இந்தியில் இருப்பதைக் கவனித்தீர்களா? நாடு முழுவதும் இப்படித்தான். ஆனால், இதை எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் ஒரு மொழித் தீர்மானத்தை நிறைவேற்றியது. என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் வேண்டாம் என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. வரிசையில் நிற்பது குடிமகனின் கடமை என்றால், பிடிக்காததை முறையாக எடுத்துச் சொல்வது அவனுடைய உரிமை!

மலையைக் கேட்டு வழி கண்டுபிடி!

என்.சி.சி.யில் கவாத்து மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். முதலுதவி, துப்பாக்கி சுடுதல், வரைபடம் படித்தல் என்று பாடங்கள் நிறைய. இதில் வரைபடப் பாடம் சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சுற்றிலும்தான் மலைகள் இருக்கின்றனவே!

சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே, மல்லூர் பக்கம் ஒரு சோளக்காட்டில் வழி தெரியாமல் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் வரைபடமும் திசைகாட்டியும் இருக்கின்றன. வடமேற்கே கஞ்சமலை தெரிகிறது. வடகிழக்கே ஜருகுமலை. கஞ்சமலை உச்சி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று திசைகாட்டியில் பார்க்க வேண்டும். பிறகு வரைபடத்தில் கஞ்சமலையிலிருந்து அதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு கோடு இழுக்க வேண்டும். அதேபோல் ஜருகுமலையிலிருந்தும் ஒரு கோடு. இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் நீங்கள் நிற்கிறீர்கள்!

ஜாக்கிரதை! பக்கத்தில் லாரி நின்றால் கொஞ்சம் தள்ளிப் போய்விட வேண்டும். இரும்பு இருந்தால் திசைகாட்டி முள் தடுமாறும். கஞ்சமலை மேலேயே ஏறி நின்று பார்த்தாலும் முள் ஏமாற்றலாம். ஏன் தெரியுமா? அந்த மலையில் காந்தத் தன்மை உள்ள இரும்புத் தாது இருக்கிறது. எந்தக் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதும் இங்கே ஒரு பாடம்தான்.

துப்பாக்கி வகுப்பில் பாயிண்ட் 22 ரைபிள் கொடுப்பார்கள். ராணுவப் பயிற்சியாளர் பக்கத்திலேயே இருப்பார். அங்கே முதல் பாடம் குறிபார்ப்பது அல்ல. "குண்டு இல்லாத துப்பாக்கியாக இருந்தாலும் மனிதர் பக்கம் திருப்பாதே!" என்பதுதான்.

தலைவன் எப்போது சாப்பிடுவான்?

புதிதாகச் சேர்பவர் 'கேடட்'. அடுத்து லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜென்ட் என்று படி ஏறலாம். கையில் பட்டை ஏறியதும் அதிகாரம் பண்ணலாம் என்று நினைத்தால், ஏமாற்றம்தான். சின்ன அணி ஒன்றுக்கு நீங்கள் தலைவர் என்றால், எல்லாரும் வந்துவிட்டார்களா, யாருக்காவது காய்ச்சலா, யாருடைய பூட்ஸ் கடிக்கிறது என்று பார்ப்பது உங்கள் வேலை. அணியில் ஒருவர் தாமதமாக வந்தால் கேள்வி உங்களுக்குத்தான் வரும்!

ஆண்டுப் பயிற்சி முகாமில் இது நன்றாகவே புரியும். வீட்டை விட்டு 10 நாள்கள். விடியும் முன் எழ வேண்டும். தட்டைத் தானே கழுவ வேண்டும். படுக்கையைத் தானே மடிக்க வேண்டும். முதல் ராத்திரி அம்மா ஞாபகம் வந்து சிலருக்குக் கண்ணீர்கூட வரும். கடைசி நாளில் பிரிய மனம் வராமல் மறுபடியும் அதே கண்ணீர்!

ராணுவத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தன் வீரர்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் தலைவன் தட்டைத் தொடுவான். தலைமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

கட்டாயப்படுத்திப் பார்த்தார்கள்!

1962ல் சீனாவுடன் போர் நடந்தது. மறு ஆண்டு, 1963ல், கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம் ஆக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள்தான். 1968ல் மறுபடியும் விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேரலாம் என்று மாற்றிவிட்டார்கள். 1969ல் நாட்டு நலப்பணித் திட்டமும் வந்தது. சேவை செய்ய விரும்பும் மாணவர்களுக்கு இன்னொரு வழி திறந்தது.

இன்றும் அப்படித்தான். யாரும் உங்களை இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். நீங்களாக விரும்பிப் போக வேண்டும். 2020ல் கொரோனா பரவியபோது மூத்த கேடட்களை நிவாரண வேலைக்கு அழைத்தார்கள். அப்போதும் 18 வயது முடிந்தவர்களில் விருப்பம் தெரிவித்தவர்களைத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

பட்டாளத்துக்குப் போக ஆசை இருந்தால் என்.சி.சி. கை கொடுக்கும். கல்லூரியில் படிக்கும்போது 'சி' சான்றிதழ் வாங்கியவர்களுக்கு, ராணுவ அதிகாரி தேர்வில் தனி வழி இருக்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். தங்கைகளே, கேட்டுக்கொண்டீர்களா? நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடியும் ஒரு காலத்தில் என்.சி.சி. கேடட்தான்!

சேர்வது எப்படி?

பள்ளிப் பிரிவில் சேர 12 வயது முடிந்திருக்க வேண்டும். பதினெட்டரை வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. உங்கள் பள்ளியில் என்.சி.சி. இருந்தால், அதற்குப் பொறுப்பான ஆசிரியரைப் பாருங்கள். வீட்டில் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சியை ஒழுங்காக முடித்து, தேர்விலும் தேறினால் 'ஏ' சான்றிதழ் கிடைக்கும்.

எங்கள் பள்ளியில் என்.சி.சி. இல்லையே என்று முகத்தைத் தொங்கப் போட வேண்டாம். சாரணர் இயக்கம் இருக்கலாம், ஜூனியர் ரெட் கிராஸ் இருக்கலாம். எதுவுமே இல்லையா? நாளைக் காலை பிரேயரில் நேராக நில்லுங்கள். சத்துணவு வரிசையில் சின்னப் பிள்ளைகளை முன்னால் விடுங்கள். பஸ்ஸில் வயதானவருக்கு எழுந்து இடம் கொடுங்கள். யாரும் "சாவ்தான்" சொல்லாமலேயே செய்தால், அதற்குப் பெயர்தான் ஒழுக்கம்.

அதற்குக் காக்கி உடுப்பு தேவையே இல்லை!