பலகையை அறுப்பதற்கு முன்

தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையை ரம்பத்தால் அறுத்து, விளையாட்டை இயக்கத் தேவையான பகுதியை மட்டும் மீட்டெடுத்து, உள்ளங்கையில் அடங்கும் புதிய கருவியாக மாற்றுவது மின்னணு ஆர்வலர்களிடையே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. பார்ப்பதற்கு இது நல்ல பொருளைப் பாழாக்கும் வேலையாகத் தோன்றலாம். ஆனால் பலகையின் எந்தக் கோடு எங்கிருந்து எங்கே செல்கிறது, அதை வடிவமைத்த பொறியாளர் எந்தக் காரணத்தால் அதை அங்கே வைத்தார் என்பதை வரிவரியாகப் படித்து முடிக்காமல் ஓர் ஓரத்தைக்கூட அறுக்க முடியாது என்பதால், இது அடிப்படையில் வாசிப்புப் பயிற்சியே ஆகும்.

இக்கலையில் அதிகம் அறுக்கப்பட்ட பெட்டிகளுள் ஒன்று நிண்டெண்டோ நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட வீ. அதன் பலகையின் நடுவில் கணக்கிடும் மையச் செயலி, படம் வரையும் செயலி, 64 மெகாபைட் நினைவகச் சில்லு ஆகியவை நெருங்கி அமர்ந்திருக்க, ஒளிவட்டு இயக்கிக்கான இணைப்பு, மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் பகுதி, வெளிக் கம்பிகளுக்கான துளைகள் ஆகியன சுற்றிலும் பெரும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. இந்தச் சுற்றுப்புறத்தை அறுத்து நீக்கியதும் பலகைக்கு மின்சாரம் வரும் வழியே அற்றுப்போவதால், அதற்கு வேண்டிய 1, 1.15, 1.8, 3.3 வோல்ட் என்னும் நான்கு அழுத்தங்களையும் சிறிய மாற்றிகளின் வழியே வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். நிரந்தரச் சேமிப்புச் சில்லை இடம் மாற்றலாம்; எனினும் அதிலுள்ள தகவல் அந்தந்தப் பெட்டிக்கே உரிய மறைகுறியால் பூட்டப்பட்டிருப்பதால், வேறொரு பெட்டியின் சில்லை எடுத்து அப்படியே பொருத்திவிட முடியாது. இவ்வளவையும் கடந்து, பக்கத்துக்கு 6 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள சதுர உறைக்குள் ஒரு முழு வீயை அடக்கியவர்களும் உண்டு.

நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே ஓடும் கோடுகளில் மட்டும் எவரும் கைவைப்பதில்லை. அக்கோடுகளில் செல்லும் குறிகள் ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அவற்றின் நீளம் சமமாக்கப்பட்டிருக்கிறது. பலகையில் சில கோடுகள் பாம்புபோல் வளைந்து செல்வதன் காரணமும் இதுவே. மற்ற இணைப்புகளை வார்னிஷ் பூசிய மெல்லிய செப்புக் கம்பியால் மீண்டும் கொடுக்கலாம். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் கையாளும் கம்பியும் இந்த இனத்ததே, தடிமன்தான் வேறு.

அறுத்த விளிம்பில் பல அடுக்குச் செம்புத் தகடுகள் வெளியே தெரியும் என்பதும், அறுக்கும்போது இழுபட்ட செம்புப் பிசிறு ஓர் அடுக்கை இன்னொன்றோடு தொடவைத்து ஷார்ட் ஏற்படுத்தும் என்பதும் தொடக்கநிலையினர் பலர் கவனிக்கத் தவறுபவை. ஆகவே விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, மீட்டரால் சோதித்து, காப்புப் பூச்சு இட வேண்டும்; குற்றாலச் சாரல் காலத்து ஈரக் காற்று வீசும் தென்காசி வட்டாரத்தில் இந்தப் பூச்சு இன்றியமையாதது. பலகை கண்ணாடி இழையால் ஆனதாகையால், அதன் தூள் நுரையீரலுக்குள் போகாதபடி முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்து ஈரமாக்கி அறுப்பதே முறை.

வீ போன்ற விலையுள்ள பெட்டியை முதல் முயற்சியிலேயே அறுக்க வேண்டியதில்லை. நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியையும் அதன் நகல்களையும் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் இந்தியச் சிறுவர்கள் கண்டனர். மூலப் பெட்டியில் தனித்தனியாக இருந்த மையச் செயலி, படச் செயலி, 2 கிலோபைட் அளவிலான இரு நினைவகங்கள் ஆகிய அனைத்தையும் பிற்கால நகல்கள் ஒரே சில்லுக்குள் அடக்கின. அச்சில்லும் உறையின்றிப் பலகையிலேயே நேரடியாக ஒட்டப்பட்டு, கறுப்புப் பிசின் பொட்டால் மூடப்பட்டது. ஆர்வலர் ரம்பத்தால் செய்வதைத் தொழிற்சாலை விலையைக் குறைக்க வேண்டி முன்பே செய்து முடித்திருந்தது என்பது வியப்புக்குரியது.

சிற்றாற்றங்கரை வீரகேரளம்புதூரிலோ பக்கத்துச் சுரண்டையிலோ பரணில் கிடக்கும் இத்தகைய பழைய டிவி கேம் ஒன்று கிடைத்தால், பயிற்சிக்கு அதுவே போதுமானது. அதில் 9 வோல்ட் அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்தை 7805 என்னும் மூன்று கால் ஐசி 5 வோல்ட்டாகக் குறைத்து, மிச்சத்தை வெப்பமாக வெளியேற்றும்; அந்த வெப்பத்தைக் கடத்தவே பக்கத்தில் அலுமினியத் தகடு இருக்கும். கைப்பேசிக்கான பவர் பேங்க் நேராகவே 5 வோல்ட் தருவதால், ஐசியைச் சால்டரிங் அயர்னால் கழற்றி, அதன் வெளியீட்டுக் காலும் தரைக்காலும் இருந்த துளைகளில் பவர் பேங்கின் இரு கம்பிகளை முனை மாறாமல் பற்றவைத்தால் பெட்டி இயங்கும். தகடும் அடாப்டர் துளையும் இருந்த மூலை அதன் பிறகு வெறும் இடமாகிவிடும். கறுப்புப் பொட்டுக்கு ஒரு விரற்கடையேனும் தள்ளி, கம்பிகளைப் பற்றவைத்த துளைகளையும் விட்டுவிட்டு, அந்த மூலையிலிருந்து முதல் அறுப்பைத் தொடங்கலாம்.