காலிக் கட்டங்கள்

வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 கணக்கு நாள் என்று 2025 ஜூனில் அரசிதழ் அறிவித்தது. சாதியும் கேட்கப்படும், விவரங்களை நாமே இணையத்தில் பதிந்துகொள்ளவும் வசதி உண்டு. "ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும்?" என்று மாட்டுங்கா அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல பாடம். கையடக்கக் கணினியில் பதிந்த கணக்கு அது. 2021-இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின்படி, 1931-இல் நாடு முழுவதும் 4,147 சாதிகள். 2011-இலோ 46 லட்சத்துக்கும் மேல்! மகாராஷ்டிரத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் 494, பதிவானவை 4,28,677. முன்கூட்டியே பெயர்ப் பட்டியலும் குறியீடும் தராததே காரணம். காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஓர் எழுத்து மாறினால் கணினிக்கு அது வேறு சாதி. தாராவியில் திருநெல்வேலிக்காரர் சொல்வதை மராத்திக்காரர் எழுதினால் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிட என்னை உறுத்துவது வேறோர் எண். மகாராஷ்டிரத்தில் சுமார் 1.17 கோடிப் பேர் 'சாதியற்றவர்' என்று பதிவாகியிருந்தார்கள். சாதி வேண்டாம் என்றவர்களா, சொல்ல மறுத்தவர்களா, கேட்கப்படாதவர்களா? மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டால் பிறகு பிரிக்க முடியாது. எஞ்சின் பதிவேட்டில் எண்ணெய் அளவு '0' என்பதும், யாரும் பார்க்கவே இல்லை என்பதும் ஒன்றாகுமா? இதற்காக ஷெட்டில் நான் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல.

ஆகவே 'தெரியாது', 'சொல்ல விருப்பமில்லை', 'பொருந்தாது' ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடு வேண்டும். வயது 150 என்றால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். ஆனால் எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்கினால், அடுத்த பக்கம் போகவேண்டுமே என்று மனிதன் வாய்க்கு வந்ததை எழுதிவிடுவான். காலிக் கட்டமாவது கண்ணுக்குத் தெரியும். பொய்ப் பதில் தெரியாது.

தாய்மொழிக் கேள்வியில் 2011-இன் விதி தெளிவானது: குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழி. குடும்பத் தலைவருடையதையே எல்லோருக்கும் எழுதிவிடாமல் தனித்தனியே கேட்க வேண்டும். வீட்டில் இந்தி பேசும் செம்பூர்ப் பேரனுக்கும் இதே விதிதான்.

என் மருமகளிடம் கேட்டேன். "ரெண்டும் கலந்துதான் பேசினேன் மாமா" என்றாள். தாய்மொழிக்கோ ஒரே கட்டம்தான். எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.