சிவப்புப் புள்ளி யாருடையது?

புறக்கோட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வெளியூர்க் கடைகள் நாற்பதுக்குக் கடனில் சாமான் கொடுக்கிறார். ஒவ்வொரு கடையும் மாதம் எவ்வளவுக்கு எடுக்கிறது, சிட்டை போட்ட நாளிலிருந்து பணம் வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்ற இரண்டு விபரமும் கணினியில் இருக்கின்றன. கணக்குப் பிள்ளை அதை நாள் கணக்கின்படி வரிசைப்படுத்தி முதலாளியின் மேசையில் வைக்கிறார். பட்டியலின் உச்சியில் ஒரு கடை. பணம் கட்ட எடுத்த நாட்கள் 96.

"இந்த ஆளுக்கு இனிச் சாமான் அனுப்ப வேண்டாம்" என்கிறார் முதலாளி.

அவசரப்பட்டுவிட்டார். எங்கே அவசரப்பட்டார் என்பதைக் காட்ட ஒரு சாதாரண வரைபு போதும்.

பட்டியல் சொல்லாதது

எக்ஸெல் போன்ற விரிதாள் மென்பொருளில் சிதறல் வரைபு என்று ஒன்று உண்டு. கிடை அச்சில் மாதக் கொள்வனவையும் நிலைக்குத்து அச்சில் பணம் கட்டிய நாட்களையும் கொடுத்தால், ஒவ்வொரு கடையும் ஒரு புள்ளியாக விழும். நாற்பது கடைக்கு நாற்பது புள்ளி.

நமது உதாரணத்தில் அந்தப் புள்ளிகள் இப்படி விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைவாக எடுக்கும் சிறிய கடைகள் 30 முதல் 45 நாளில் பணம் கட்டுகின்றன. ஐந்து இலட்சத்துக்கு மேல் எடுக்கும் பெரிய கடைகள் எல்லாமே 80 முதல் 100 நாள் வரை எடுக்கின்றன. 96 நாள் கடை மாதம் ஆறு இலட்சத்துக்கு எடுப்பது. அது தன் அயலிலுள்ள பெரிய கடைகளைப் போலத்தான் நடக்கிறது. உண்மையில் கூட்டத்தை விட்டுத் தனியே நிற்பது வேறொரு புள்ளி. மாதம் அறுபதாயிரத்துக்கு எடுத்து 88 நாள் கழித்துக் கட்டும் ஒரு சிறிய கடை. பட்டியலில் அது முதலாவது இடத்தில் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை.

சராசரியை மட்டும் பார்ப்பதும் இதே தவறுதான். 1973 ஆம் ஆண்டு பிரான்சிஸ் அன்ஸ்கொம்ப் என்ற புள்ளிவிபரவியலாளர் நான்கு சிறிய அட்டவணைகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு சோடி எண்கள். நான்கிலும் முதல் எண்களின் சராசரி 9, இரண்டாவது எண்களின் சராசரி 7.5. ஆனால் வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். ஒன்றில் பத்துப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் விலகி மேலே நிற்கிறது. அந்த ஒரு புள்ளியைச் சராசரி மறைத்துவிட்டது. வரைபு ஒரு பார்வையில் காட்டிக்கொடுத்தது.

கையால் தீட்டிய நிறம்

நாற்பது புள்ளியும் ஒரே நிறத்தில் இருந்தால் எது யாருடையது என்று தெரியாது. எனவே நமக்கு வேண்டிய புள்ளியை மட்டும் வேறு நிறத்தில் காட்டவேண்டும். எளிய வழி, அந்தப் புள்ளியின் மேல் ஒருமுறை கிளிக் செய்வது. அப்போது எல்லாப் புள்ளிகளும் தெரிவாகும். சற்றுப் பொறுத்து அதே புள்ளியில் இன்னொருமுறை கிளிக் செய்தால் அது மட்டும் தெரிவாகும். பிறகு நிறத்தை மாற்றி, பக்கத்தில் கடையின் பெயரை எழுதிவிடலாம்.

ஒரு நாள் தேவைக்கு இது போதும். மாதாமாதம் பயன்படுத்தும் கோப்பில் இது ஆபத்தானது. ஏனென்றால் நீங்கள் தீட்டிய நிறம் கடையோடு ஒட்டிக்கொள்வதில்லை. அது நிரையின் இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இன்று முதலாவது நிரையில் 96 நாள் கடை இருக்கிறது. நாளை யாராவது பட்டியலைப் பெயர் வரிசையில் மாற்றினால் முதலாவது நிரைக்கு வேறொரு கடை வந்துவிடும். சிவப்பு நிறமும் கையால் எழுதிய பெயரும் முதலாவது நிரையிலேயே நிற்கும். வந்த கடை 32 நாளில் பணம் கட்டுவதாக இருந்தால், வரைபில் பழைய கடையின் பெயரோடு 32 நாள் என்று தெரியும்.

"பரவாயில்லையே, ஆள் திருந்திவிட்டார்" என்று முதலாளி இன்னும் நாலு இலட்சத்துக்குச் சாமான் ஏற்றி அனுப்புவார். கணக்கில் ஒரு சதமும் பிழையில்லை, ஆனால் தீர்மானம் முழுவதும் பிழை. இதே தவறு மறுபக்கமாகவும் நடக்கலாம். பல வருடங்களாக நாணயமாக நடந்த ஒரு வாடிக்கையாளரின் மேல் சிவப்பு நிறம் போய் விழலாம். அவரிடம் ஒரு வார்த்தை தவறாகப் பேசிவிட்டால், அடுத்த சிட்டையை அவர் பக்கத்துக் கடையில் போட்டுக்கொள்வார்.

நிலைத்து நிற்கும் வழி

இதற்கு ஒரு மேலதிக நிரல் போதும். ஏ நிரலில் கணக்கு இலக்கம், பி நிரலில் கடையின் பெயர், சி நிரலில் மாதக் கொள்வனவு, டி நிரலில் நாட்கள் என்று வையுங்கள். ஜி1 கலத்தில், பார்க்க விரும்பும் கடையின் கணக்கு இலக்கத்தை எழுதுங்கள். ஈ நிரலில் 'இஃப்' சூத்திரம் ஒன்று எழுதவேண்டும். அதன் பொருள் இதுதான்: இந்த நிரையின் கணக்கு இலக்கம் ஜி1 இல் உள்ளதற்குச் சமமானால் டி நிரலிலுள்ள நாட்களைக் கொடு. இல்லாவிட்டால் 'என்ஏ' கொடு. ஜி1 என்பதற்கு டொலர் அடையாளமிட்டுப் பூட்டிவிட்டு, சூத்திரத்தைக் கடைசி நிரை வரை பிரதி செய்யுங்கள்.

'என்ஏ' கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த இடங்களில் எக்ஸெல் புள்ளி இடாது. அதற்குப் பதிலாக வெற்று மேற்கோள் குறிகளைப் போட்டால், எக்ஸெல் அதை எழுத்து என்று எடுத்துப் பூச்சியத்தில் புள்ளி வைத்துவிடும். வரைபின் அடியில் முப்பத்தொன்பது பொய்ப் புள்ளிகள் வரிசையாக நிற்கும்.

இனி வரைபில் இரண்டாவது தொடரைச் சேருங்கள். கிடை அச்சுக்கு சி நிரல், நிலைக்குத்து அச்சுக்கு ஈ நிரல். தொடரின் பெயராக ஜி1 கலத்தையே காட்டி, புள்ளியின் அருகே தொடரின் பெயர் தெரியும்படி செய்யுங்கள். முதலாவது தொடருக்குச் சாம்பல் நிறம், இரண்டாவதற்குக் கடும் சிவப்பு. வடிவத்தையும் மாற்றிச் சற்றுப் பெரிதாக்கினால், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் விளங்கும்.

இப்போது பட்டியலை எந்த வரிசையில் மாற்றினாலும் நிறமும் அடையாளமும் உரிய கடையோடு சேர்ந்தே போகும். ஜி1 இல் இலக்கத்தை மாற்றினால் அடுத்த கடை ஒளிரும்.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. முதலாவது, பெயரைக் கொண்டு தேடாமல் கணக்கு இலக்கத்தைக் கொண்டு தேடுங்கள். ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர் இருப்பது நமது வியாபாரத்தில் புதுமையல்ல. இரண்டாவது, நாட்களைக் கணக்கிடும்போது பின்திகதியிட்ட காசோலை கைக்கு வந்த நாளை எடுக்காமல், அது வங்கியில் காசான நாளை எடுங்கள்.

அயலோடு சேர்த்துப் பாருங்கள்

புள்ளியை ஒளிரச் செய்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. மற்ற முப்பத்தொன்பது புள்ளிகளையும் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் பார்த்தால் பழையபடி பட்டியலுக்கே திரும்பிவிடுகிறோம். சாம்பல் புள்ளிகள் பின்னால் நிற்கும்போதுதான் சிவப்புப் புள்ளிக்கு அர்த்தம் வருகிறது.

நமது உதாரணத்தின் இரண்டு கடைகளையும் மீண்டும் பாருங்கள். மாதம் ஆறு இலட்சம், 96 நாள் என்றால் எந்நேரமும் சுமார் 19 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா அந்த ஒரு கடையில் முடங்கிக் கிடக்கிறது. மாதம் அறுபதாயிரம், 88 நாள் என்றால் முடங்குவது சுமார் 1 இலட்சத்து 76 ஆயிரம்தான். முதலாவது கடைக்காரர் தன் தரத்திலுள்ள மற்றவர்களைப் போலவே நடக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அங்கே திருத்த வேண்டியது, பெரிய கடைகள் அனைத்துக்கும் நாம் வைத்திருக்கும் தவணையை அல்லது விலையை. இரண்டாவது கடையில் தொகை சிறிது, ஆனால் தன்னைப் போன்ற கடைகளிலிருந்து விலகி நிற்கிறது. அங்கே ஏதோ நடந்திருக்கிறது. வியாபாரம் படுத்துவிட்டதா, வீட்டில் நோயா, அல்லது வேறு மொத்தக் கடைக்கு முதலில் கட்டுகிறாரா என்று வரைபு சொல்லாது. அதை அவரிடம்தான் கேட்கவேண்டும்.

ஆகவே, எந்தக் கடைக்குச் சாமானை நிறுத்துமுன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சிவப்புப் புள்ளி உண்மையில் யாருடையது? அதன் அயலிலுள்ள புள்ளிகள் எப்படி நிற்கின்றன? அவரோடு நான் பேசினேனா? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு தொலைபேசியை எடுங்கள்.