பூனைக்குப் போடும் மீன் குடலும் நம் வீட்டு நலமும்



ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், காசிமேட்டு விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. கடல்மீன் குறைந்து விலை ஏறும். அப்போது கட்லா, ரோகு, ஜிலேபி என்று குளத்து மீன்தான் பல வீடுகளில் குழம்பாகிறது. நல்ல சத்துள்ள உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மீன் அரியும்போது குடலையும் செவுளையும் வழித்து, காலைச் சுற்றி வரும் பூனைக்கு வீசுகிறோம். மிச்சத்தை நாய் தின்கிறது. "வாயில்லா ஜீவன் தின்னுட்டுப் போகட்டுமே, இதுல என்ன வந்துடப் போகுது?" என்பீர்கள்.

வருவது தட்டைப்புழு. சில நன்னீர் மீன்களின் சதையிலும் செவுளிலும் இதன் இளம்புழு கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கும். அந்த மீனைப் பச்சையாகத் தின்னும் பூனை, நாய், பன்றியின் உடலில் அது வளர்ந்து முட்டையிடும். முட்டை மலத்தோடு வெளியேறி, மழைத்தண்ணீரில் குட்டைக்குப் போகும். அங்கே நத்தைக்குள் பெருகி, மறுபடியும் மீனில் ஏறும்.

வியட்நாமில் நிகே ஆன் மாகாணத்து மீன்பண்ணை வீடுகளில் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. அந்த ஊர் மக்கள் பச்சை மீன் சாப்பிடுவது அரிது. அப்படியும் நூற்றுக்குச் சுமார் 48 பூனை, 35 நாய், 14 பன்றிக்கு இப்புழு இருந்தது. மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது என்பது இதனால் விளங்கும்.

வேகாத மீன் வழியாக நம் வயிற்றுக்குள்ளும் இது வரலாம். தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை மீன் உண்போரைப் பிடிக்கும் ஈரல் புழு, பித்தக்குழாயில் பல ஆண்டு தங்கும். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 1994-ல் அறிவிக்கப்பட்டது. பயம் வேண்டாம். நன்றாகக் கொதித்த குழம்பில் எந்தப் புழுவும் பிழைக்காது.

செய்ய வேண்டியவை:

1. மீனை உள்வரை வேகவையுங்கள். மேலே கருகி உள்ளே வேகாத வறுவல் ஆபத்து. மஞ்சளும் எலுமிச்சையும் கவிச்சியைப் போக்கும், புழுவைக் கொல்லாது.

2. பூனை, நாய்க்கு மீன் கழிவை வேகவைத்தே போடுங்கள். இல்லையேல் ஆழக் குழியில் புதையுங்கள். குழி வெட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பாகட்டும்.

3. அருவாமனை, பலகை, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத பலகையில் காய் நறுக்காதீர்கள்.

4. மீன் குட்டை வைத்திருப்போர் கக்கூஸ் தண்ணீரும் பன்றிச் சாணமும் அதில் கலக்க விடாதீர்கள். செத்த மீனைக் கரையில் போடாமல் புதையுங்கள்.

5. பள்ளியில் தரும் பூச்சி மாத்திரை குடலில் வளரும் உருண்டைப் புழுக்களுக்கானது. தட்டைப்புழுவுக்கு மருந்து வேறு. வேகாத மீன் சாப்பிட்டபின் வயிற்று உபாதை நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மீன் சாப்பிட்டதையும் சொல்லுங்கள்.

வெந்த மீன் நமக்கு. வெந்த மிச்சம் பூனைக்கு!