உங்களுக்குத் தெரியுமா? குறைந்த வெள்ளி, நிறைந்த சத்து

● சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. முட்டையில் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து வருகிறது. கிராஞ்சியும் அதை ஒட்டிய லிம் சூ காங்கும்தான் தீவின் விவசாய வட்டாரம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. இறைச்சி வாங்கக் கட்டுப்படியாகாத வாரத்தில் முட்டையே கைகொடுக்கும்.

● நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பலரைக் கொன்றது பெரிபெரி நோய். தீட்டிய பச்சரிசி உண்டவர்கள் படுத்துவிட, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அது பெரும்பாலும் அண்டவில்லை. மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர் இருவகை அரிசியையும் தனித்தனிக் குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்; புழுங்கலே வென்றது. நெல்லை அவிக்கும்போது உமியடித் தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம்.

● 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் இருப்பது சுமார் 120தான். கிராஞ்சி விடுதிகளில் தங்கி உழைக்கும் தம்பிகளே, ஊரில் அம்மா காய்ச்சிய கூழை லேசாக எண்ணாதீர்கள்!

● ‘ஈக்கான் பிலிஸ்’ என்று மலாய்க்காரர்கள் விற்பது நம் நெத்திலிக் கருவாடுதான். முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேரும். உப்பு அதிகம், ஊறவைத்து அலசிய பிறகே சட்டியில் போடுங்கள்.

● சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பேயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 19 கிராம் புரதம். மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் ரசச் சோற்றுக்குப் பொருத்தமாக இருக்கும்.

● காய்ந்த பச்சைப்பயற்றில் வைட்டமின் சி மிகக் குறைவு. முளைகட்டினால் கூடும். செலவு, ஓர் ஈரத்துணியும் ஒரு ராத்திரியும்.

● கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு ‘தே’ (தேநீர்) குடித்தால் குறையும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

● அப்படிக் குடிக்கும்போதும் ‘தே-ஓ கொசோங்’ கேளுங்கள், சர்க்கரை இருக்காது. பொட்டல பானங்களில் 2022 டிசம்பர் 30 முதல், சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு நடப்பில் உள்ளது. சி, டி என்றிருந்தால் யோசித்து வாங்குங்கள்.

● காங்கோங் கீரையின் அடித்தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர்விடும். தொட்டியில் நட்டால் வீவக வீட்டுத் தாழ்வாரத்திலேயே மறுபடி தழைக்கும். 2020இல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்குக் காய்கறி விதைகளை இலவசமாகவே அனுப்பியது.

● சிங்கப்பூர்க் குடும்பங்களுக்குக் கிடைக்கும் சிடிசி பற்றுச்சீட்டுகள் பேரங்காடிக்கு மட்டுமல்ல. திட்டத்தில் சேர்ந்துள்ள ஈரச்சந்தைக் கடைகளிலும் அவற்றைக் கொடுத்து மீனும் கீரையும் வாங்கலாம்.

● தட்டில் பாதி காய்கனி, கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம்: சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் கணக்கு இது. சோற்று மலையைக் குறைத்துக் கூட்டு, பொரியலைக் கூட்டினாலே கணக்கு சரியாகிவிடும்.

கிராஞ்சி எம்ஆர்டி அருகே 170ஆம் எண் பேருந்தில் ஏறினால் தேக்கா சந்தைப் பக்கம் இறங்கலாம். அடுத்த முறை போகும்போது பையில் முதலில் பயறும் கீரையும் விழட்டும். பிஸ்கட் பொட்டலத்தை, இடமும் காசும் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்!